நாவுக்கு வயிறு சொல்லும் சேதி

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



திருமறையின் 51ஆம் அத்தியாயமாகிய ‘அத்தாரியாத்’தில் வல்ல நாயன், பூமியில் பல அத்தாட்சிகள் இருப்பதைச் சொல்லிவிட்டு, உங்களுக்குள்ளேயும் இருக்கின்றனவே, அவற்றை உற்றுப் பார்க்க மாட்டீர்களா என்னும் கருத்தில் நம்மை வினவுகிறான். வானத்தையும் மலையையும் கடலையும் கண்டு ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று சொல்லும் நாம், நமக்குள்ளேயே அவன் வைத்திருக்கும் அத்தாட்சிகளைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அதிலும் வயிற்றை வெறும் பை என்றே எண்ணிவிட்டோம். நாக்கு ருசி பார்க்கிறது, வயிறு வாங்கிக்கொள்கிறது, அத்தோடு முடிந்தது என்பது நம் எண்ணம்.

இது சரிதானா என்று பார்க்க ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. ஒரு கல்யாண வீட்டு விருந்தே போதும். பசியோடு போய் உட்காருகிறோம். பிரியாணியின் முதல் கவளம் வாயில் பட்டதும் ‘மாஷா அல்லாஹ்! என்ன ருசி!’ என்கிறோம். அதே தேக்சா, அதே உப்பு, அதே கறி. பத்தாவது கவளத்தில் அந்த ருசி இல்லை. இருபதாவது கவளத்தைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறது. பிரியாணி மாறிவிட்டதா? இல்லை. நாக்குத்தான் மாறியதா? அதுவும் இல்லை. ஆனால் நாக்குக்கு உள்ளேயிருந்து ஒரு சேதி வந்திருக்கிறது. அச்சேதியை அனுப்பியது வயிறு.

உள்ளே ஓடும் தபால்

வயிற்றுக்கும் மூளைக்கும் இடையே வேகஸ் என்னும் நீண்ட நரம்பு ஒன்று ஓடுகிறது. மூளையிலிருந்து வயிற்றுக்குக் கட்டளை போவதற்காகவே அது இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அதிலுள்ள இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே, அதாவது வயிறும் குடலும் சொல்வதை மூளைக்குக் கொண்டுபோகின்றன. ஆக, வயிறு கேட்பதைக் காட்டிலும் பேசுவதே அதிகம்!

இந்த நரம்பு தவிர, இரத்தத்தின் வழியாகவும் தபால் போகிறது. இரைப்பை காலியாக இருக்கும்போது ‘கிரெலின்’ என்னும் ஹார்மோன் அங்கிருந்து சுரந்து, ‘உணவு தேடு’ என்று மூளைக்குச் சொல்கிறது. ஜப்பான் நாட்டு அறிஞர்கள் கோஜிமா, கங்காவா ஆகியோர் 1999ஆம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தார்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் வேளை நெருங்கும்போது இது உயர்கிறது. ரமளானின் முதல் இரண்டு மூன்று நாட்களில் லுஹர் வேளையில் வயிறு பிறாண்டுவதும், பிறகு அது படிய ஆரம்பிப்பதும் நோன்பு வைத்துப் பழகிய எல்லோரும் அறிந்ததே. பசிக்கும் ஒரு கடிகாரம் உண்டு. அதைத் திருப்பி வைக்கவும் முடியும்.

உணவு இறங்கியபின் குடல் வேறு சேதிகளை அனுப்புகிறது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலில் பட்டதும் ஒன்று, குடலின் கீழ்ப்பகுதிக்கு உணவு போய்ச் சேர்ந்ததும் மற்றொன்று என்று வரிசையாக ‘போதும், போதும்’ என்கின்றன. இதில் வியப்பு என்னவென்றால், இச்சேதி நம் கையை மட்டும் நிறுத்துவதில்லை. நாவின் இன்பத்தையே குறைத்துவிடுகிறது.

பிரெஞ்சு நாட்டு அறிஞர் கபனாக் என்பவர் 1971ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார். சர்க்கரைத் தண்ணீரைச் சுவைத்துவிட்டுத் துப்பியவர்களுக்கு அதன் இனிமை எத்தனை முறை சுவைத்தாலும் பிடித்தே இருந்தது. விழுங்கியவர்களுக்கோ, சற்று நேரம் கழித்து அதே தண்ணீர் வேண்டாததாகிவிட்டது. நாக்கில் படாமல் குழாய் வழியாக நேரே இரைப்பைக்குள் சர்க்கரைத் தண்ணீரைச் செலுத்தியபோதும் அதே மாற்றம்தான். இனிப்பு இனிப்பாகத்தான் தெரிந்தது. அதன் மீதிருந்த ஆசைதான் அகன்றது. ஆகவே ‘ருசி’ என்று நாம் சொல்வதில் பாதி நாவினுடையது. மீதிப் பாதி வயிற்றின் தீர்ப்பு.

ஒரே உணவைத் திரும்பத் திரும்ப உண்ணும்போது அது சலிப்பதும் மனித இயல்புதான். மன்னும் ஸல்வாவும் வானத்திலிருந்து இறங்கிய பாக்கியம் பெற்ற பனூ இஸ்ராயீல் கூட்டத்தார், ஒரே உணவில் எங்களால் பொறுத்திருக்க முடியாது என்று மூஸா (அலை) அவர்களிடம் கீரையும் வெள்ளரியும் பருப்பும் வெங்காயமும் கேட்ட வரலாறு ‘அல்பகரா’வின் 61ஆம் வசனத்தில் வருகிறது. சலிப்பு தோன்றியது இயற்கை. மேலானதைக் கொடுத்து தாழ்ந்ததைக் கேட்டதும், நிஃமத்தை இழிவாக எண்ணியதும்தான் கண்டிக்கப்பட்டன. நம் வீட்டில் மூன்று வகைக் கறி முடிந்தபின்னும் ‘பாயசத்துக்கு இடம் இருக்கிறது’ என்று சொல்கிறோமே, அதுவும் இதே இயல்புதான். கறியில் சலித்த நாக்கு இனிப்பைக் கண்டதும் புதிதாக விழித்துக்கொள்கிறது. வகைகள் பெருகப் பெருக, வயிற்றின் ‘போதும்’ என்ற குரல் அமுங்கிப்போகிறது.

ருசி பிறவியா, பழக்கமா?

‘என் பிள்ளைக்குக் காய்கறியே பிடிக்காது, பிறவியிலேயே அப்படி’ என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. இதில் இரண்டு ஹதீஸ்களை நினைவுகூர்வது நல்லது.

ஒரு தையற்காரர் நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். அனஸ் (ரலி) அவர்களும் உடன் சென்றார்கள். கோதுமையல்ல, வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட குழம்பும் வைக்கப்பட்டன. நாயகம் (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களிலிருந்து சுரைக்காயைத் தேடி எடுத்து உண்பதை அனஸ் (ரலி) கண்டார்கள். அன்றிலிருந்து சுரைக்காய் தமக்குப் பிரியமாகிவிட்டது என்று அவர்களே சொல்கிறார்கள். புகாரி ஷரீபில் இது பதிவாகியிருக்கிறது. ஒரு காய்கறி மீதான விருப்பம் எங்கிருந்து வந்தது பாருங்கள்! பிரியத்துக்குரியவர் உண்டதைக் கண்ட கண்ணிலிருந்து வந்தது. தகப்பனார் தட்டில் ஒதுக்கி வைக்கும் காயை மகன் மட்டும் எப்படி விரும்புவான்?

மற்றொன்று: மைமூனா (ரலி) அவர்களுடைய வீட்டில் சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. அது இன்னதென்று தெரிந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டபோது, இல்லை, என் சமூகத்தார் பூமியில் இது இருந்ததில்லை, ஆகவே மனம் செல்லவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காலித் (ரலி) அதை உண்டார்கள். பிடிக்காததைக் குறை சொல்லவும் இல்லை. பிடித்தவரைத் தடுக்கவும் இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிப்பதும் இதனோடு பொருந்துகிறது. ‘உப்பில்லை, உறைப்பில்லை’ என்று தட்டைத் தள்ளிவிட்டு எழும் ஆண்கள் இந்த ஸுன்னத்தை எங்கே வைத்தார்கள்?

இப்படிப் பழக்கத்தால் உண்டாகும் விருப்பு வெறுப்பில் வயிற்றின் பங்கு பெரிது. ஒரு குழந்தை முட்டை தின்றது. சில மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தது. காரணம் முட்டையாக இல்லாமல் இருக்கலாம், காய்ச்சலாகக்கூட இருக்கலாம். ஆனால் வயிறு அந்த முட்டையின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்கிறது. பிறகு வருடக்கணக்கில் முட்டை வாசனையே ஆகாது. இப்படி ஒரே அனுபவத்தில் வெறுப்பு பதிந்துவிடுவதை 1955ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கார்சியா எலிகளிடம் காட்டினார். ஆகவே, அடம் என்று நினைத்துப் பிள்ளையை அடித்து ஊட்டும் தாய்மார்கள் சற்று நிதானிக்க வேண்டும். அழுகையோடு சேர்த்து ஊட்டிய உணவு வெறுப்போடு சேர்ந்தே பதியும்.

விருப்பமும் இவ்வாறே பதிகிறது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சுக்கர் என்னும் அறிஞரின் குழுவினர் 2020ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலிகளுக்கு இரண்டு குப்பிகள் வைத்தார்கள். ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர். மற்றதில் செயற்கை இனிப்பு கலந்த தண்ணீர். முதலில் இரண்டையும் குடித்த எலிகள், இரண்டு நாட்களுக்குள் சர்க்கரைக் குப்பியையே நாடின. இனிப்புச் சுவையே அறியாதபடி பிறப்பிக்கப்பட்ட எலிகளும் அதையே நாடின! நாக்கு சொல்லாததைக் குடல் சொல்லியிருக்கிறது. வேகஸ் நரம்பின் வழியே போன அந்தச் சேதியை அடைத்தபோது சர்க்கரை மீதிருந்த நாட்டமும் போய்விட்டது. ‘எனக்கு அவ்வளவாக இனிப்பு பிடிக்காது, ஆனாலும் கை போய்விடுகிறது’ என்று சிலர் சொல்வதில் பொய்யில்லை என்று நமக்கு விளங்குகிறது.

மெதுவாகப் பேசும் வயிறு

வயிற்றின் சேதியில் ஒரு தன்மை உண்டு. பசி உரக்கப் பேசும். நிறைவு மெதுவாகப் பேசும். உண்ண ஆரம்பித்து, குடலின் ‘போதும்’ என்னும் சேதி மூளையில் நன்கு உறைப்பதற்கு ஏறக்குறைய 15 முதல் 20 நிமிடம் ஆகலாம். ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவருக்கு அச்சேதி, உண்டு முடித்துக் கை கழுவிய பிறகே வந்து சேருகிறது. பிறகுதான் பெருமூச்சும் ஏப்பமும் சோடாவும்!

இந்த இடத்தில் நம் மார்க்கம் கற்றுத் தந்திருக்கும் உணவு ஒழுக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலது கையால், தமக்கு அருகில் இருப்பதை எடுத்து உண்ணுதல். பலர் கூடி ஒரே தட்டில் உண்ணுதல். ஒருவர் முந்திக்கொண்டு அள்ளாதிருத்தல். விரலில் ஒட்டியதையும் வீணாக்காதிருத்தல். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்றும் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்கிறார்களே, அங்கே ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் கை நீளும். இவை யாவும் அவசரத்தைத் தடுக்கின்றன. அவசரம் தடைப்பட்ட இடத்தில்தான் வயிற்றின் மெல்லிய குரல் கேட்கும்.

மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்ட பாத்திரம் இல்லை என்றும், முதுகை நிமிர்த்தப் போதுமான சில கவளங்களே அவனுக்குப் போதும் என்றும், அதற்கு மேல் வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் விடட்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய கருத்தை மிக்தாம் (ரலி) அறிவிக்கிறார்கள். திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் இது இடம்பெற்றிருக்கிறது. மூன்றில் ஒன்று என்று எப்படி அளப்பது? ஆழாக்கா, படியா? வயிற்றுக்குள் கோடு போட முடியாது. உள்ளிருந்து வரும் சேதியைக் கவனித்து, இன்னும் கொஞ்சம் உண்ணலாம் என்றிருக்கும்போதே நிறுத்துவதுதான் அதன் அளவுகோல்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘வயிறு நோயின் வீடு’ என்பது போன்ற ஒரு வாசகம் நம் மேடைகளில் ஹதீஸாகச் சொல்லப்படுகிறது. அது அரபு நாட்டு மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவின் சொல் என்றே ஹதீஸ் கலை வல்லுநர்கள் குறித்திருக்கிறார்கள். கருத்து நல்லதாக இருக்கலாம். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்வது பெரும் பாவம். அவ்வாறே, ஹார்மோனும் நரம்பும் ஹதீஸில் முன்பே சொல்லப்பட்டுவிட்டன என்று வலிந்து பொருள் கூறுவதும் தேவையில்லை. இன்றைய ஆராய்ச்சி நாளை திருத்தப்படலாம். ஸுன்னத் அதன் சான்றிதழுக்காகக் காத்திருக்கவில்லை. நாம் கீழ்ப்படிவது அல்லாஹ்வின் திருத்தூதருக்கு. மருத்துவம் விளக்குவது அந்தக் கீழ்ப்படிதலில் உள்ள அருட்கொடையின் ஒரு பக்கத்தை மட்டுமே.

அப்படியானால் வயிறார உண்பதே கூடாதா? அதுவும் இல்லை. பசியின் கொடுமையால் வயிற்றில் கல்லைக் கட்டிய அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் ஒரு கிண்ணம் பாலைக் கொடுத்து, முதலில் திண்ணைத் தோழர்கள் அனைவருக்கும் புகட்டச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பிறகு அவரைக் குடிக்கச் சொன்னார்கள். இன்னும் குடியும், இன்னும் குடியும் என்றார்கள். இனி இறங்க வழியில்லை என்று அவர் சத்தியமிட்டுச் சொன்னதும் கிண்ணத்தை வாங்கி மீதியைத் தாம் அருந்தினார்கள். என்றேனும் ஒரு நாள் நிறைய உண்பது ஆகும் என்று உலமாக்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். கவனியுங்கள்: அன்று நிறைவைச் சொன்னது அபூஹுரைரா (ரலி) அவர்களின் வயிறு. அதைக் கேட்டதும் நாயகம் (ஸல்) அவர்கள் மேலும் வற்புறுத்தவில்லை.

நம் மஹல்லாவில் நடப்பது என்ன?

இந்த அளவுகோலை வைத்து நம் ஊரையும் நம் வீட்டையும் பார்ப்போம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளில் காலை வேளை என்பது மின்சார ரயிலோடு ஓடும் வேளை. இட்லியை நின்றபடி விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள். தோல் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் கடையிலும் இருப்பவர்களுக்கு மதிய இடைவேளை கொஞ்சம்தான். இரவில் களைத்து வந்து உட்காரும்போதுதான் நிதானம் கிடைக்கிறது; அப்போதுதான் தட்டும் நிறைகிறது. ஜி.எஸ்.டி. சாலையில் போனால் பிரியாணிக் கடைகளின் வாசனை நள்ளிரவு வரை அழைக்கிறது.

இதன் விளைவு என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் மேலும் 13.6 கோடிப் பேர் என்று அது கணக்கிட்டது. இது ஏதோ தூரத்துச் செய்தியன்று. நம் ஸஃப்பில் நாற்காலி போட்டுத் தொழுவோரில் எத்தனை பேர் சர்க்கரை நோயால் காலில் புண்ணாகி அவதிப்படுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இத்தனைக்கும் உணவு ஒன்றே காரணமில்லை. பரம்பரை, உடலுழைப்புக் குறைவு, மன உளைச்சல் எல்லாம் உண்டு. ஆனால் நம் கையில் இருப்பது நம் தட்டு.

தட்டில் வருவதும் மாறிவிட்டது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்க வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இரண்டு வாரம் ஆலைகளில் பதப்படுத்தித் தயாரித்த உணவு. இரண்டு வாரம் இயல்பான உணவு. இரண்டிலும் வேண்டிய அளவு உண்ணலாம். ஆலை உணவின்போது அவர்கள் வேகமாக உண்டார்கள், ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உண்டார்கள், எடையும் கூடிற்று. 2019ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது. மென்று தின்ன வேண்டாத, சட்டென்று கரைந்து இறங்கும் உணவு, வயிறு பேசுவதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. பிள்ளைகள் கையில் நாம் வாங்கிக் கொடுக்கும் பொட்டலங்களையும் புட்டிப் பானங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

நோன்பு திறக்கும் நேரம்

நோன்பு இவ்விஷயத்தில் பெரிய பாடசாலை. நாயகம் (ஸல்) அவர்கள் மஃரிப் தொழுமுன் சில பேரீச்சம்பழங்களாலும், இல்லையேல் சில மிடறு தண்ணீராலும் நோன்பு திறப்பார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். பிறகு தொழுகை. சிறிதளவு இனிப்பும் நீரும் உள்ளே போகின்றன. ருகூவிலும் ஸுஜூதிலும் சில நிமிடம் கழிகிறது. அதற்குள் வயிறு விழித்துக்கொண்டு மூளையோடு பேச ஆரம்பித்துவிடுகிறது. தொழுது வந்து உட்காருபவர், பசித்த வெறியோடு பாயவேண்டியதில்லை.

நம் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சியும் அருமையான ஏற்பாடு. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் சேர்ந்து கொதித்த கஞ்சி, ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே அகப்பையில் விழுகிறது. பள்ளிவாசல்களுக்கு இதற்கென்று தமிழ்நாடு அரசு பச்சரிசி வழங்குவதும், மாற்று மதச் சகோதரர்கள் தூக்குவாளியோடு வந்து வாங்கிச் செல்வதும் நம் மண்ணின் பண்பு. ஆனால் கஞ்சியோடு நின்றால்தானே! கஞ்சி, வடை, சமோசா, ரூஹ் அப்ஸா, பிறகு வீட்டில் பரோட்டா, தராவீஹ் முடிந்து வந்து இன்னொரு விருந்து என்றானால், பகலெல்லாம் வயிற்றுக்குக் கற்பித்த பாடத்தை இரவில் அழித்துவிடுகிறோம். நோன்பு மாதத்தில் மளிகைச் செலவு குறைகிறதா, கூடுகிறதா என்று ஒவ்வொரு வீடும் தன் கணக்கைப் பார்க்கட்டும்.

உப்பையும் இனிப்பையும் சில வாரங்கள் தொடர்ந்து குறைத்தவர்களுக்கு, பழைய அளவு உப்பு பிறகு கரிக்கவும் பழைய இனிப்பு திகட்டவும் செய்கிறது. நாக்கு பழகிக்கொள்கிறது. முப்பது நாள் என்பது அதற்கும் நல்ல தவணை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில் வயிற்றின் ஆசையை அடக்குவதற்கென்றே ஒரு பாகம் ஒதுக்கியிருப்பது, அது மனத்தின் மற்ற ஆசைகளுக்கும் வாசலாக இருப்பதால்தான்.

விருந்தும் வற்புறுத்தலும்

விருந்தோம்பல் நம் சமூகத்தின் பெருமை. அதில் ஒரு குறை புகுந்துவிட்டது. ‘போதும் மாமி’ என்று விருந்தாளி கையால் தட்டை மறைத்தாலும், விரல் இடுக்கு வழியாகவேனும் இன்னொரு கரண்டி வைப்பதே அன்பு என்று எண்ணுகிறோம். சம்பந்தி வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் மரியாதைக் குறைவு. சர்க்கரை நோயாளியான பெரியவர் முகம் கோணாதிருக்க அந்த ஹல்வாவையும் விழுங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து மாத்திரையைத் தேடுகிறார்.

நாம் மேலே குறிப்பிட்ட அதே ‘அத்தாரியாத்’ அத்தியாயத்தில்தான் இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்து வருகிறது. வந்தவர் யாரென்று தெரியாமலேயே கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டு வந்தார்கள். அவர்கள் அருகில் வைத்தார்கள். உண்ண மாட்டீர்களா என்று மென்மையாகக் கேட்டார்கள். தாராளம் இருக்கிறது; நெருக்குதல் இல்லை. விருந்தாளியின் ‘போதும்’ என்ற சொல், அவருடைய வயிறு அவருக்குச் சொன்னதை அவர் நமக்குச் சொல்வது. அதை மதிப்பதும் கண்ணியம் செய்வதே. இருவர் உணவு மூவருக்குப் போதும் என்ற நாயக வாக்கின் கருத்தை நினைத்தால், மிஞ்சியதை அண்டை வீட்டுக்கு அனுப்ப வழியும் திறக்கும்.

சேதி மாறிப்போனவர்கள்

எல்லோருக்கும் வயிறு ஒரே மாதிரிப் பேசுவதில்லை. காய்ச்சல் வந்தவருக்கு வாய் கசக்கிறது, சோறு இறங்கவில்லை என்றால், நோயோடு போராடும் உடலே பசியை அடக்கி வைத்திருக்கிறது. உங்கள் நோயாளிகளை உண்ணும்படி நிர்ப்பந்திக்காதீர்கள் என்ற கருத்துள்ள நபிமொழி திர்மிதீயில் வருகிறது. மசக்கையிலிருக்கும் மருமகளுக்கு நேற்றுப் பிடித்தது இன்று குமட்டினால் அது செல்லம் கொஞ்சுவதன்று. வெகுகாலச் சர்க்கரை நோயில் வேகஸ் நரம்பே பழுதுபட்டு, இரைப்பை மெதுவாக இயங்கி, இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்ததுபோல் ஆகிவிடுவதும் உண்டு. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நோன்புக்கு முன் மருத்துவரிடம் கேட்டு நடக்க வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையை ஏற்பதில் வெட்கமில்லை.

துக்கமும் பசியை அடைத்துவிடும். குடும்பத்தில் மரணம் நேர்ந்து, வந்த பெண்கள் கலைந்தபின், ஆயிஷா (ரலி) அவர்கள் ‘தல்பீனா’ என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைச் சமைக்கச் செய்து உண்ணச் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தருகிறது, துயரத்தில் சிறிதைப் போக்குகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாகவும் சொல்வார்கள். மையித் வீட்டுக்கு நெய்ச்சோறும் குருமாவும் அனுப்பிப் பெருமை காட்டுவதைவிட, இறங்கக்கூடிய கஞ்சியை அனுப்புவது பேருதவி.

உடல் பருத்தவர்களைக் கேலி பேசுவோரும் ஒன்றை உணர வேண்டும். சிலருக்குப் பசியின் குரல் மிக உரக்கவும் நிறைவின் குரல் மிக மெலிந்தும் இருக்கும்படி உடல் அமைந்திருக்கிறது. குடல் அனுப்பும் நிறைவுச் சேதியைப் போலவே செயல்படும் ஊசி மருந்துகள் 2025ஆம் ஆண்டில் எடைக் குறைப்புக்கென்றே நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. அவற்றைப் போட்டவர்கள் பலர், எந்நேரமும் மனத்தில் ஓடிய உணவு நினைப்பு அடங்கிவிட்டது என்கிறார்கள். வெறும் பேராசைதான் காரணமென்றால் ஓர் ஊசி அதை எப்படி அடக்கும்? மருத்துவர் ஆலோசனையின்றி அவற்றை நாடக்கூடாது. ஆனால் பிறர் உடலை நகைப்பதற்கும் நமக்கு அனுமதி இல்லை. பரிகாசம் ஹராம் என்பது சாப்பாட்டு விஷயத்திலும் சட்டந்தான்.

இந்த வாரமே தொடங்கலாம்

பெரிய சபதங்கள் வேண்டாம். சிறியவை சில போதும்.

பிஸ்மில்லாஹ் சொன்னபின் முதல் கவளத்தை நன்கு மென்று, அதன் ருசியை உணர்ந்து விழுங்குங்கள். ஷுக்ரு அங்கேயே பிறக்கும்.

தட்டில் முதலில் குறைவாக வையுங்கள். மறுபடியும் வேண்டுமென்றால் சிறிது பேசியிருந்துவிட்டு எடுங்கள். அந்தச் சிறிது நேரத்தில் வயிறு தன் கருத்தைச் சொல்லிவிடும்.

சாப்பிடும் நேரத்தில் கைபேசியும் தொலைக்காட்சியும் வேண்டாம். கண்ணும் காதும் வேறிடத்தில் இருந்தால் வயிற்றின் சேதியை யார் கேட்பது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பல்லாவரம் சந்தைக்குப் போகிறவர்கள், வீட்டில் ஏதேனும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசித்தவன் மூக்குக்கு எண்ணெய்ச் சட்டி வாசனை அத்தனையும் அமிர்தம். பை நிறைய வாங்கிய பிறகுதான் தேவை இல்லையென்று தெரியும்.

பிள்ளைகள் ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்றால் நம்புங்கள். தட்டைக் காலி செய்ய வைப்பதற்காக, அல்லாஹ் அதற்குள் வைத்த அளவுகோலை நாமே உடைக்க வேண்டாம். வீணாகாமலிருக்க, முதலிலேயே குறைவாக வைப்பதுதான் வழி.

சகோதரர்களே! கண்ணும் காதும் இதயமும் விசாரிக்கப்படும் என்று திருமறை எச்சரிக்கிறது. வயிறும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அது ஹலாலை மட்டும் கேட்கவில்லை, அளவையும் கேட்கிறது. ஒவ்வொரு வேளையும் அது நேர்மையாகத் தன் சேதியைச் சொல்கிறது. அதைக் கேட்டு நிறுத்திய கையில் மிஞ்சும் ஒரு பிடி சோறு, பசித்த அண்டை வீட்டாருக்குப் போய்ச் சேருமானால், அதைவிடப் பரக்கத்தான உணவு வேறு எது?

யா அல்லாஹ்! எங்களுக்கு நீ அளித்த உணவில் பரக்கத் செய்வாயாக! பசியிலும் நிறைவிலும் உன்னை நினைப்பவர்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், எங்கள் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.